உயர் ரத்த அழுத்தம்

உயர் ரத்த அழுத்தம் என்பது தமனிகளின் சுவர் மீது ரத்தம் செலுத்தும் அழுத்தம் இயல்பான அளவைத் தாண்டி நீண்ட காலம் நிலைத்திருக்கும் நோய்நிலை. ரத்தக் கொதிப்பு, பிரஷர், பி.பி. என்று பேச்சுவழக்கில் சொல்வதும் இதைத்தான். பக்கவாதம், மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றின் முக்கியக் காரணங்களுள் இது ஒன்று. பெரும்பாலோரிடம் பல ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் தராமலேயே இருக்கும். அளந்து பார்த்தால்தான் தெரியும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் 30 முதல் 79 வயதுக்குட்பட்டோரில் சுமார் 128 கோடிப் பேருக்கு இந்நோய் இருந்தது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது. ஐந்தில் ஒருவருக்குத்தான் அது கட்டுப்பாட்டில் இருந்தது. இந்தியாவில் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு, 15 வயதைக் கடந்த ஆண்களில் 24 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 21 விழுக்காட்டினருக்கும் உயர் ரத்த அழுத்தம் இருப்பதாகக் காட்டியது.

அளவும் வரையறையும்

ரத்த அழுத்தத்தை இரண்டு எண்களால் குறிப்பார்கள். இதயம் சுருங்கி ரத்தத்தை வெளியே தள்ளும்போது தமனியில் எழும் உச்ச அழுத்தம் முதல் எண். இது சுருக்க அழுத்தம். இதயம் தளர்ந்து மீண்டும் ரத்தத்தை நிரப்பிக்கொள்ளும் நேரத்தில் தமனியில் எஞ்சும் அழுத்தம் இரண்டாம் எண்; இது விரிவு அழுத்தம். மேல் பிரஷர், கீழ் பிரஷர் என மக்கள் சொல்வது இவற்றைத்தான். மில்லிமீட்டர் பாதரசம் இதன் அலகு.

பெரியவர்களுக்கு 120/80க்குக் கீழ் இருப்பது இயல்பு. வெவ்வேறு நாள்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் ரத்த அழுத்தம் என்று மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள். இரண்டு எண்களில் ஒன்று மட்டும் கூடியிருந்தாலும் அது நோய்தான். முதியவர்களிடம் மேல் எண் மட்டும் ஏறியிருப்பது சாதாரணமாகக் காணப்படும். வயதானால் அப்படித்தான் இருக்கும் என்று அதை விட்டுவிடக் கூடாது. வீட்டில் அளக்கும்போது 135/85 என்பதே எல்லை. அமெரிக்க இதயநோய் அமைப்புகள் 2017இல் எல்லையை 130/80 ஆகக் குறைத்தன.

இந்த எல்லைகள் சிகிச்சையின் வசதிக்காக வகுக்கப்பட்டவை. ஆபத்து அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. சுமார் 10 லட்சம் பேரின் தரவுகளைத் தொகுத்து 2002இல் வெளியான பகுப்பாய்வு, 40 முதல் 69 வயதுக்குட்பட்டோரிடம் 115/75க்கு மேல் ஒவ்வொரு 20/10 உயர்வுக்கும் பக்கவாதத்தாலும் இதயநோயாலும் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காவதைக் காட்டியது.

அளவீட்டின் வரலாறு

ரத்தம் உடலில் சுழன்று வருவதை இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் விளக்கினார். அதன் அழுத்தத்தை முதலில் அளந்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார். ஒரு பெண் குதிரையைப் படுக்கவைத்துக் கட்டி, அதன் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதை உயரமான கண்ணாடிக் குழாயுடன் இணைத்தார். ரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி நின்று, ஒவ்வொரு துடிப்புக்கும் மேலும் கீழும் அசைந்தது. இந்தச் சோதனை விவரத்தை 1733இல் அவர் நூலாக வெளியிட்டார்.

மனிதரிடம் தமனியை வெட்டாமல் எளிதாக அளக்க வழி செய்தவர் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி. கையில் சுற்றிக் காற்றேற்றும் பட்டையை 1896இல் அவர் அறிமுகப்படுத்தினார். ரஷ்ய மருத்துவர் நிக்கோலாய் கொரோட்கோவ் 1905இல், பட்டையின் காற்றை மெல்ல இறக்கும்போது தமனியில் கேட்கும் ஒலிகளை ஸ்டெதாஸ்கோப்பால் கேட்டு இரண்டு எண்களையும் கண்டறியும் முறையைச் சொன்னார். ஒலி தொடங்கும் இடம் மேல் எண். மறையும் இடம் கீழ் எண். மருத்துவமனைகளில் இன்றும் இம்முறை புழக்கத்தில் இருக்கிறது.

உடலில் நடப்பது

இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது, சிறு தமனிகள் அந்த ஓட்டத்தை எந்த அளவுக்குத் தடுக்கின்றன என்ற இரண்டும் சேர்ந்தே ரத்த அழுத்தத்தைத் தீர்மானிக்கின்றன. ஓடும்போதும் கோபப்படும்போதும் வலியிலும் அழுத்தம் ஏறும், உறக்கத்தில் இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் உடலின் இயல்பு. ஓய்விலும் அழுத்தம் இறங்காமல் நிற்பதுதான் நோய்.

நீண்ட காலக் கட்டுப்பாடு சிறுநீரகத்தின் கையில் இருக்கிறது. தனக்கு வரும் ரத்தம் குறைவதாக உணர்ந்தால் சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரக்கும். அது தொடங்கிவைக்கும் வேதிமாற்றங்களால் ஆஞ்சியோடென்சின் உருவாகி ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. அதன் தூண்டுதலால் அட்ரினல் சுரப்பியிலிருந்து வெளிவரும் ஆல்டோஸ்டிரோன் உப்பையும் நீரையும் உடலிலேயே தங்கவைக்கிறது. இன்றைய முக்கிய மருந்துகள் பலவும் இந்தச் சங்கிலியின் ஏதோ ஒரு கண்ணியைத் தடுப்பவை.

காரணங்கள்

பத்தில் ஒன்பது பேருக்கு மேல், தனியொரு காரணத்தைச் சுட்ட முடியாது. பரம்பரை, வயது, உணவில் மிகுந்த உப்பு, காய்கறி பழங்களின் குறைவு, உடற்பருமன், உடலுழைப்பின்மை, மது ஆகியவை சேர்ந்து இதை உருவாக்குகின்றன. இது முதல்நிலை உயர் ரத்த அழுத்தம். பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு கூடுதல். புகையிலை ஒவ்வொரு முறையும் அழுத்தத்தைத் தற்காலிகமாக ஏற்றுவதுடன் தமனிச் சுவரையும் கெடுப்பதால், இந்நோய் உள்ளவர்களுக்கு இரட்டிப்பு ஆபத்து.

உப்பின் பங்கைத் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று, 32 நாடுகளில் நடந்து 1988இல் வெளியான இன்டர்சால்ட். அதில் இடம்பெற்ற அமேசான் காட்டின் யானோமாமி மக்கள் உணவில் உப்புச் சேர்ப்பதில்லை. அவர்களின் அழுத்தம் மிகக் குறைவாக இருந்தது. வயது கூடக்கூட ஏறவும் இல்லை. முதுமையோடு ரத்த அழுத்தம் ஏறியே தீரும் என்ற விதி ஏதும் இல்லை என்பதற்கு அம்மக்களே சான்று.

எஞ்சிய சிலருக்கு வேறொரு கோளாறின் விளைவாக அழுத்தம் ஏறுகிறது, இது இரண்டாம்நிலை. சிறுநீரக நோய், சிறுநீரகத் தமனி அடைப்பு, அட்ரினல் கட்டிகள், தைராய்டு கோளாறு, உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் ஆகியவை இதில் அடங்கும். சில வலி மாத்திரைகள், ஸ்டீராய்டுகள், கருத்தடை மாத்திரைகள், மூக்கடைப்பு மருந்துகளும் அழுத்தத்தை ஏற்றும். இருமலுக்காக நாள்தோறும் அதிமதுரம் மெல்லும் பழக்கமும் அப்படித்தான். அதிலுள்ள கிளிசிரைசின் உடலில் உப்பைத் தங்கவைத்துப் பொட்டாசியத்தைக் குறைக்கிறது. இளம் வயதில் அழுத்தம் மிக உயர்ந்தாலோ, பல மருந்துகளுக்கும் இறங்காவிட்டாலோ, இரண்டாம்நிலைக் காரணத்தைத் தேடிப் பார்க்க வேண்டும்.

அறிகுறிகளும் விளைவுகளும்

தலைவலி, தலைசுற்றல், மூக்கில் ரத்தம் வருதல் ஆகியவை இந்நோயின் அடையாளங்கள் எனப் பலர் நம்புகிறார்கள். இவற்றை வைத்து நோய் இருப்பதையோ இல்லாததையோ சொல்ல முடியாது. அழுத்தம் 170ஐத் தாண்டியும் எந்தக் குறையும் இல்லாமல் அன்றாட வேலையைப் பார்ப்பவர்கள் ஏராளம்.

ஆனால் சேதம் உள்ளே நடந்துகொண்டிருக்கும். அதிக விசைக்கு எதிராக உழைத்து உழைத்து இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கும். பிறகு தளர்ந்து இதயச் செயலிழப்பில் முடியும். தமனிச் சுவர் கடினப்பட்டுக் கொழுப்பு படியும். மூளைக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் வரும். சிறுநீரக வடிகட்டிகள் பழுதடைந்து சிலர் டயாலிசிஸ் வரை செல்கிறார்கள். விழித்திரை நாளங்கள் கெட்டுப் பார்வை மங்கும். முதுமையில் மறதி நோயும் கூடுதலாக வருகிறது.

அழுத்தம் 180/120ஐத் தாண்டி நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் கோணுதல், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், குழப்பம், பார்வை மங்கல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தால் அது உயிருக்கு ஆபத்தான அவசர நிலை. ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு 20 வாரங்களுக்குப் பிறகு அழுத்தம் ஏறுவது முன்சூல்வலிப்பின் அறிகுறியாக இருக்கலாம். அது வலிப்பாக முற்றித் தாய், சேய் இருவரின் உயிரையும் பறிக்கக்கூடும். ஒவ்வொரு பரிசோதனையிலும் அவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பது இதற்காகவே.

சரியாக அளப்பது

மாடிப்படி ஏறி வந்து, டீ குடித்த கையோடு, முதுகு சாய இடமில்லாத ஸ்டூலில் கால் தொங்க உட்கார்ந்து, நர்ஸிடம் பேசிக்கொண்டே சட்டைக்கை மேல் பட்டையைச் சுற்ற விடுகிறோம். இப்படி எடுத்த எண்ணை நம்ப முடியாது. அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபி, டீ, புகையிலை கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, 5 நிமிடம் அமைதியாக அமர வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். பாதங்கள் தரையில் பதிய வேண்டும். கால்மேல் கால் போடக் கூடாது. பட்டை வெறும் கையில், இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் எண் கூடுதலாகக் காட்டும். ஓரிரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து சராசரி எடுப்பது நல்லது.

மருத்துவரைக் கண்டால் மட்டும் சிலருக்கு அழுத்தம் ஏறும். வேறு சிலருக்கு மருத்துவமனையில் இயல்பாகவும் வீட்டில் உயர்ந்தும் இருக்கும். இந்த இருவகையினருக்கும் வீட்டில் மேற்கைக் கருவியால் அளந்து எழுதிவைக்கும் குறிப்பேடு பெரிதும் உதவும்.

சிகிச்சை

அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் ரத்த அழுத்தம் 1944 மார்ச்சில் 186/108. உலகின் மிக வலிமையான அந்த மனிதருக்குக் கொடுக்க அன்று நல்ல மருந்து இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று, தலை பயங்கரமாக வலிக்கிறது என்று சொல்லிச் சரிந்தவர், மூளை ரத்தக்கசிவால் 63 வயதில் இறந்தார். அப்போது பதிவான அழுத்தம் 300/190.

அதன்பின் நிலைமை விரைவாக மாறியது. நம் நாட்டு மூலிகையான சர்ப்பகந்தியின் வேர் அழுத்தத்தைக் குறைப்பதை பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதி உலகறியச் செய்தார். 1958இல் தயசைடு வகைச் சிறுநீர்ப்பெருக்கி வந்தது. 1960களில் ஜேம்ஸ் பிளாக் உருவாக்கிய புரோப்ரனலால், அவருக்கு 1988இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த கண்டுபிடிப்புகளுள் ஒன்று. பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சை ஆராய்ந்ததில் கிடைத்த கேப்டோப்ரில் 1981இல் புழக்கத்துக்கு வந்தது.

இன்று ஆம்லோடிபின், டெல்மிசார்டன், லோசார்டன், எனாலப்ரில், குளோர்தாலிடோன் முதலியவை மலிவாகக் கிடைக்கின்றன. ஆம்லோடிபினால் சிலருக்குக் கால் வீங்கும். எனாலப்ரிலால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். மருத்துவரிடம் சொன்னால் மாற்றுத் தருவார். எனாலப்ரில், டெல்மிசார்டன் வகைகளைக் கர்ப்பிணிகளுக்குத் தரக் கூடாது. மேல் அழுத்தத்தை 10 புள்ளி குறைத்தாலே பக்கவாதம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவதாகப் பெரும் ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன.

தடுப்பு

நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்கு மிகாத அளவு. நம் வீடுகளில் இட்லி மாவு, சட்னி, சாம்பார், ரசம், பொரியல், மோர் என ஒவ்வொன்றிலும் உப்பு சேர்கிறது. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, மிக்சர் அதற்கும் மேல். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் 50 நாளுக்குக் குறையாமல் வர வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டால், எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்துவிடும். கல்லுப்பும் இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே. அவற்றுக்கு மாறுவதால் அழுத்தம் குறையாது.

சீனக் கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியோரிடம் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. சிறுநீரக நோயாளிகளும் சில பிரஷர் மாத்திரைகளை உட்கொள்வோரும் மருத்துவரைக் கேட்காமல் அதைப் பயன்படுத்தக் கூடாது. மற்றவர்கள் கீரை, வாழைப்பழம், பயறு வகைகள், இளநீர் வழியாகவும் பொட்டாசியம் பெறலாம்.

வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேர விறுவிறு நடை, எடைக் குறைப்பு, மதுவையும் புகையிலையையும் விடுதல், போதிய உறக்கம் ஆகியவை மற்ற வழிகள். உடல் எடையில் ஒவ்வொரு கிலோ குறையும்போதும் மேல் அழுத்தம் ஏறத்தாழ ஒரு புள்ளி இறங்குகிறது.

அரசுத் திட்டங்கள்

இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முனைப்பு 2017இல் தொடங்கியது. எளிய சிகிச்சை நெறியும் தடையில்லா மருந்து வழங்கலும் அதன் அடிப்படை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், பெண் தன்னார்வலர்கள் வழியாக வீட்டுக்கே சென்று அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து மாத்திரை வழங்குகிறது. இத்திட்டம் 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதைப் பெற்றது.

இத்தனை வசதியும் பயன்தராமல் போவது பெரும்பாலும் ஓர் இடத்தில்தான். மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் எண் 130/80க்கு வந்ததும், குணமாகிவிட்டது என்று நினைத்துப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அந்த எண் மாத்திரை தந்த பலன். நிறுத்தினால் அழுத்தம் சத்தமில்லாமல் மீண்டும் ஏறிவிடும். ஆகவே 30 வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்த அழுத்தத்தை அளந்து பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் கட்டணம் இல்லை. மாத்திரை தொடங்கியவர்கள், மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளும் அதை நிறுத்தாதீர்கள்.