எல்லை கடந்த குடும்பமும் எல்லைக்குட்பட்ட உதவியும்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் கொச்சங்காடி என்றொரு பகுதி உண்டு. அங்காடியைத் தன் பெயரிலேயே தாங்கிய அவ்விடம், பல திசைகளிலிருந்தும் வந்து குடியேறியவர்களால் வளர்ந்தது. 1344ஆம் ஆண்டில் யூதர்கள் அங்கே தொழுகைக்கூடம் ஒன்றை எழுப்பினர். கூடம் மறைந்துவிட்டது, அதன் கல்வெட்டு மட்டும் இன்று பரதேசி யூதர் கோயிலின் சுவரில் பதிந்திருக்கிறது. செம்பு வேய்ந்த கூரையால் பெயர்பெற்ற செம்பிட்ட பள்ளிவாசலும் இப்பகுதியைச் சேர்ந்ததே. கொச்சியின் நைனா மரபினர், தம் முன்னோர் காயல்பட்டினத்துக் கரையிலிருந்து வந்தவர் என்பர். கோட்டைக் கொச்சியின் வெளி என்னுமிடத்திலோ, டச்சுக்காரர் காலத்திலேயே சலவைத் தொழிலுக்கு வந்தவரின் வழியினர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன.

இத்தகைய குடியேற்றத்தில், நடக்க இயலாத அல்லது பேச்சு வராத ஒரு குழந்தை பிறந்த வீட்டிற்கு யார் துணை நின்றார்கள்? உற்றார், சாதிக்கூட்டம், வழிபாட்டிடம் இவையே துணை. அத்துணையின் ஈரத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அது கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. உறவைச் சொந்த ஊரிலேயே விட்டுவிட்டுப் பிழைப்புக்காகப் பெயர்ந்தவருக்கு அதுவும் எட்டாக்கனி. தாய் வேலைக்குச் சென்றால் குழந்தையைப் பார்க்க ஆளில்லை. வீட்டிலிருந்தால் வருவாயில் பாதி இல்லை. இக்கணக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் முதலில் தோன்றியவை பள்ளிகளே. 1890களில் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், சுவைன்சன் அம்மையார் செவிப்புலன் இல்லாதோருக்கும் கல்விப் பணி தொடங்கினர். அருஞ்செயல்தான். ஆனால் குழந்தை விடுதிக்குச் சென்றால்தான் உதவி; வீட்டில் வைத்துக் காக்கும் பெற்றோருக்கு ஒன்றுமில்லை. இந்நிலையை மாற்றியவர்கள் பெரும்பாலும் பெற்றோரே என்பதை வரலாறு காட்டுகிறது. பெருமூளை வாதம் உடைய மகளின் தாயான மிது ஆலூர் 1972இல் பம்பாயில் ஒரு கழகத்தை நிறுவினார். அதே நிலையிலிருந்த மகனின் தாயான பூனம் நடராஜன் 1985இல் சென்னையில் தொடங்கிய நிறுவனம் இன்று வித்யாசாகர் எனப்படுகிறது. மகனையும் மகளையும் வளர்த்த பட்டறிவே அவர்களுக்கு முதலீடு.

அரசின் கை பின்னர்தான் நீண்டது. கேரள அரசு 1982இல் உடல், மனக் குறைபாடு உடையோருக்கு ஓய்வூதியம் அளிக்கத் தொடங்கியது. நாடு தழுவிய முதற்சட்டம் 1995இல் வந்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தேசிய அறக்கட்டளை அமைந்தது. புற உலகச் சிந்தனையற்ற நிலை எனப்படும் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுவளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்னும் நான்கையும் அது தன் பொறுப்பில் கொண்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 1995ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக வந்து, குறைபாட்டு வகைகளை 7இலிருந்து 21ஆக விரித்தது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்புடைய, 6 முதல் 18 வயது வரையுள்ள குழந்தைக்கு இலவசக் கல்வி உரிமை எனவும், மிகுந்த துணை வேண்டுவோர்க்குப் பராமரிப்பாளர் படி வேண்டும் எனவும் அச்சட்டம் சொல்கிறது. 'படி' என்ற அச்சொல்லை நாம் சற்றே நின்று நோக்க வேண்டும். தாயின் உழைப்பு உழைப்புத்தான் என்று சட்டமே ஒப்புக்கொண்டது அங்கேதான்.

ஆனால் அப்படியை அளப்பது மாநிலங்கள். தமிழ்நாட்டில் கடும் பாதிப்புடையோருக்கான மாதப் பராமரிப்பு உதவி 2023இல் 2,000 ரூபாயாக உயர்ந்தது. கேரளத்தில் 'ஆசுவாச கிரணம்' என்ற திட்டம், முழுநேரமும் உடனிருந்து பார்ப்பவருக்கு மாதம் 600 ரூபாய் என வகுத்தது. நிலுவை விழுந்து நெடுநாள் காத்திருந்த குடும்பங்களும் அங்கே உண்டு. தொகையின் ஏற்றத்தாழ்வைக் காட்டிலும் பெரிய இடர் வேறு. மாநில உதவி அம்மாநிலத்தில் குடியிருப்போருக்கே உரியது. பாலக்காட்டுக் கணவாயைக் கடந்த குடும்பம் பின்னே விட்டதை இழக்கிறது. முன்னே இருப்பதைப் பெறுவதற்குக் குடும்ப அட்டையும் இருப்பிடச் சான்றும் தேட வேண்டியிருக்கிறது. நடுவணரசு 2009இல் தொடங்கிய ஊனமுற்றோர் ஓய்வூதியம் இவ்விடைவெளியை நிரப்பாதா எனலாம். அது 18 வயதுக்கு மேல்தான். அதுவும் 80 விழுக்காடு பாதிப்புடைய, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு. குழந்தைப் பருவம் அப்படியே வெளியே நிற்கிறது.

எல்லையில் நின்றுவிடாதவை சில உள்ளன. தனி அடையாள எண் பொறித்த தேசிய அட்டை நாடெங்கும் செல்லும். மாநிலம் மாறியதற்காக மருத்துவக் குழுவின் முன் குழந்தையை மீண்டும் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்புறுதி, மேற்சொன்ன நான்கு நிலைகளுக்கும் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவைத் தாங்குகிறது. பயிற்சிச் சிகிச்சையும் அதில் அடங்கும். சேர்வதற்கு முன் உடற்சோதனை கேட்பதில்லை. வருமான வரி செலுத்துவோர் பழைய வரிமுறையைத் தேர்ந்தால் 75,000 ரூபாயும், கடும் பாதிப்பாயின் 1,25,000 ரூபாயும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். கூலி வேலை செய்பவருக்கு இக்கழிவால் பயனில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பணத்தோடு முடிவதில்லை துணை. கேரளத்தில் உள்ளாட்சிகளும் குடும்பஸ்ரீயும் இணைந்து நடத்தும் 'பட்ஸ்' பள்ளிகள், 2004இல் திருவனந்தபுரம் மாவட்டத்து வெங்ஙானூரில் தொடங்கிப் பரவின. பகலில் குழந்தையை ஏற்றுக்கொள்வதால் தாயின் கைகளுக்குச் சில மணி நேரம் விடுதலை. அங்கே தமிழ்க் குழந்தைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு: பேச்சுப் பயிற்சி மலையாளத்தில், வீட்டில் அழைப்பது தமிழில். இரு சொற்களுக்கிடையே தத்தளிக்கும் நாவுக்கு எதை முதலில் பழக்குவது என்று பெற்றோர் ஆசிரியரிடம் தொடக்கத்திலேயே பேசிக்கொள்வது நல்லது.

அடுத்து ஒன்று, பலரும் மறந்துவிடுவது. 18 வயது நிறைந்ததும் சட்டத்தின் கண்ணில் மகன் தனியாள். அவன் சார்பில் கையெழுத்திடப் பெற்றோருக்கும் தாமாக அதிகாரம் இல்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் அமைந்த உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கிறது. மட்டாஞ்சேரியில் வாழும் தமிழ்க் குடும்பம் அதற்காகச் சொந்த ஊர் திரும்ப வேண்டியதில்லை. எறணாகுளம் மாவட்ட ஆட்சியரகம் இருக்கும் காக்கநாட்டுக்குச் சென்றால் போதும்.