கொம்பு சூடாத மன்னர்கள்: பல்லவக் கலையில் ஓர் அடையாளத்தின் வரலாறு

ஒருவர் தம்மை மற்றவரைவிட மேலானவராகக் காட்டிக்கொண்டால், ‘உனக்கென்ன கொம்பா முளைத்திருக்கிறது?’ என்று கேட்கிறோம். வல்லவனைக் கொம்பன் என்கிறோம். மேன்மைக்கும் அதிகாரத்துக்கும் கொம்பை அடையாளமாக்கும் இந்த வழக்கத்தை மெசொப்பொத்தேமியச் சிற்பிகள் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் பதித்துவிட்டார்கள். அங்கே கொம்புத் தலையணி தெய்வங்களுக்கே உரியது. கி.மு. 23ஆம் நூற்றாண்டில் அக்காத் அரசன் நாராம்-சின் தன் வெற்றிக் கல்லில் அதை அணிந்து நிற்கிறான். தன் பெயருக்கு முன்னால் தெய்வக் குறியையும் எழுதச் செய்தான். அந்தக் கல் இப்போது பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அலெக்சாந்தர் இறந்தபின் அவன் படைத்தலைவர்களில் ஒருவனான லைசிமாக்கசு வெளியிட்ட காசுகளில், அமோன் தெய்வத்தின் ஆட்டுக்கடாக் கொம்பு அலெக்சாந்தரின் காதோரம் சுருண்டிருக்கிறது.

காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவர்களும் இப்படிக் கொம்பு சூடியிருக்க எல்லாக் காரணமும் இருந்தது. அவர்களுடைய செப்பேட்டு முத்திரையிலும் காசுகளிலும் இருப்பது காளை. அவர்கள் பட்டம் போத்தரசர், போத்தரையர். பெற்றம், எருமை, புலி முதலியவற்றின் ஆணுக்குப் போத்து என்னும் பெயர் உண்டென்று தொல்காப்பிய மரபியல் சொல்கிறது. இதைக்கொண்டு பல்லவரை எருமை அரசர் மரபோடு இணைக்க ஆசை எழுவது இயல்பே. ஆனால் போத்து என்பதற்கு இளந்தளிர், இளங்கிளை என்ற பொருளும் உண்டு. பல்லவம் என்றாலும் தளிர்தான். முதலாம் மகேந்திரவர்மன் சூட்டிக்கொண்ட லளிதாங்குரன் என்ற பெயரிலும் முளைவிடுவது தளிரே. எனவே விலங்கைவிடத் தளிரே இந்தப் பட்டத்துக்குப் பொருந்தும் என்று கருதுகிறேன்.

சிற்பமும் அதற்கு எதிராகப் பேசவில்லை. மாமல்லபுரம் ஆதிவராகர் குகையில் இரண்டு அரச உருவங்கள் தேவியருடன் செதுக்கப்பட்டுள்ளன. ஒன்றின் மேல் சிம்மவிஷ்ணுவின் பெயரும் மற்றொன்றின் மேல் மகேந்திரனின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தலையில் இருப்பது உயர்ந்த மகுடம். கொம்பு இல்லை.

பல்லவக் கலையில் கொம்பு வாயிற்காவலர் தலையில் இருக்கிறது. செங்கல்பட்டை ஒட்டிய வல்லம் குகைக்கோயில், மகேந்திரனின் கீழிருந்த வசந்தப்பிரியராசரின் மகன் கந்தசேனன் குடைவித்தது. கருவறை வாயிலின் இருபுறமும் தடித்த கதைமேல் சாய்ந்து நிற்கும் துவாரபாலகர்களில் ஒருவருக்கு மகுடத்தின் இருபக்கமும் கொம்புகள் வளைந்து எழுகின்றன. முன்னோடி ஆய்வாளர்கள் அவற்றைக் கொம்பு என்றே பதிவு செய்தார்கள். இவர் மனித வடிவில் வந்த நந்தியோ என்று எண்ணியவர்களும் உண்டு. சிவன் கோயில், காளைக்கொடி அரசர், வாசலில் கொம்புடையவர் என்று பார்த்தால் நந்தி என்ற விடை கச்சிதமாகவே தோன்றும்.

ஆனால் மற்ற காவலரின் தலையைப் பார்க்க வேண்டும். அவருக்குக் கொம்பில்லை, மகுடத்தின் முன்புறம் மழுவின் அலகு நீட்டிக்கொண்டிருக்கிறது. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் மைக்கேல் லாக்வுட்டும் அவரோடு சேர்ந்து உழைத்த அறிஞர்களும் இந்த இணையைக் கொண்டே புதிரை அவிழ்த்தார்கள். ஒருவர் மழு, அப்படியானால் எதிரில் நிற்பவர் சூலம். கொம்பாகத் தெரிபவை மூவிலைச் சூலத்தின் பக்க இலைகள். நடு இலை மகுடத்தோடு ஒன்றிவிட்டது. சிவனுடைய படைக்கலங்களே ஆளுருவம் பெற்று வாசலைக் காக்கின்றன. திருமால் கோயில்களில் சங்கும் சக்கரமும் ஆளுருவாக நிற்பதை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. இந்த விளக்கத்தில் எனக்கு ஐயமே இல்லை. மழுவுக்கு வேறு எந்த விளக்கமும் இடம் தரவில்லை.

இங்கே ஒரு வியப்பு. மொகஞ்சதாரோ முத்திரையில் எருமைக் கொம்பணிந்து அமர்ந்திருக்கும் உருவத்தை 1931இல் சிவனின் முன்வடிவம் என்று விளக்கிய சர் ஜான் மார்சல், அந்தக் கொம்புத் தலையணிதான் பிற்காலத்தில் சிவனின் திரிசூலமாக மாறியது என்று கருதினார். அவர் கணக்கில் கொம்பு சூலமாயிற்று. வல்லத்தில் சூலம் கொம்புபோல் ஆயிற்று. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிவிடலாம் என்று தோன்றும்; கட்டக்கூடாது. இடையில் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. அந்த முத்திரை உருவம் சிவன்தானா என்பதையே டோரிஸ் சீனிவாசன் போன்றோர் மறுத்திருக்கிறார்கள்.

பல்லவக் கலையில் மெய்யான கொம்போடு ஓர் அரசன் இருக்கவே செய்கிறான். அவன் மகிடன். மாமல்லபுரம் மகிடாசுரமர்த்தினி குகையில் மனித உடலும் எருமைத் தலையும் கொண்டு, மகுடமும் வெண்கொற்றக் குடையும் சூழ நிற்கிறான். சிற்பி அரச மரியாதை எதையும் அவனுக்குக் குறைக்கவில்லை. ஆனால் உடல் பின்னோக்கிச் சாய்ந்துவிட்டது. சிங்கத்தின் மேல் வரும் தேவியின் வில் அவனைத் துரத்துகிறது. அக்காதில் வென்றவன் தலையில் இருந்த கொம்பு இங்கே தோற்பவன் தலையில்.

அரசமுடியை விலங்கோடு சேர்த்துப் பார்க்கும் பழைய நினைவு காஞ்சியில் அடியோடு மறைந்துவிடவில்லை. 8ஆம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் கட்டிய வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சிற்பங்கள் பல்லவர் வரலாற்றைச் சொல்கின்றன; சி. மீனாட்சி அவற்றை ஆராய்ந்து எழுதிய நூல் 1941இல் வெளிவந்தது. பன்னிரண்டு வயதில் அரசனாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நந்திவர்மனுக்கு முடி கொண்டுவரப்படும் காட்சி அங்கே உண்டு. கொண்டுவந்த பொருள் தந்தை இரணியவர்மனுக்கு யானைத்தலைபோல் தோன்றியதாகவும், அது யானைத்தலை அல்ல, உம் மகனின் முடி என்று தரணிகொண்ட போசர் என்பவர் தெளிவுபடுத்தியதாகவும் கல்வெட்டு கூறுகிறது. பாக்திரியாவின் கிரேக்க அரசன் திமெத்ரியசு யானைத்தலைத் தோலை முடியாக அணிந்த காசுகள் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் காஞ்சிக் கல்வெட்டு அந்த எண்ணத்தை எழுப்பிய உடனே மறுத்தும் விடுகிறது.

கொம்பு சூடாவிட்டாலும் பல்லவர் தெய்வத்தன்மையைத் தேடாதவர்கள் அல்லர். திருச்சி மலைக்குகையின் கங்காதரர் உருவம் மகேந்திரனின் உருவமும் ஆகும் என்பது லாக்வுட்டின் வாதம். காஞ்சியில் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய இராசசிம்மன், சுற்றுச் சிற்றாலயங்களில் தன் விருதுப் பெயர்களை வரிசையாகப் பொறித்தான். அவனுக்குச் சிவசூடாமணி என்றும் பெயர்: சிவனையே முடிமணியாகச் சூடியவன்.

இந்தக் குகைகளைப் படமெடுத்து ஆவணமாக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். வல்லத்துக் காவலர் இருவரையும் ஒரே படத்தில், தலை தெளிவாகத் தெரியும்படி எடுங்கள். குறிப்பில் கொம்பு என்று எழுதாமல் சூலம், மழு என்று எழுதுங்கள்.