சுவர்ப்பூச்சும் தொழிற்றிறனும்: அமெரிக்க மென்பூச்சுச் சாந்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கட்டடக்கலை வரலாறு என்ற பெயரில் எழுதப்பெற்றவற்றுட் பெரும்பாலானவை தூண்களையும் முகப்புகளையும் கோபுரங்களையும் பற்றியனவாகவே அமைந்துள்ளன. மனிதர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் அறையின் உட்சுவர் எவ்வாறு வழுவழுப்பாயிற்று, அதனை அவ்வாறு ஆக்கியவர் யாவர், பின்னர் அவருக்கு என்ன நேர்ந்தது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உட்சுவர்ப் பூச்சு அடைந்த மாற்றங்களை, சிறப்பாக ஜிப்சம் பலகைமீதும் ஒட்டுப்போடப்பட்ட பழஞ்சுவர்மீதும் இடப்படும் மென்பூச்சின் தோற்றத்தை, உற்பத்தி முறையில் ஏற்பட்ட மாற்றங்களோடு இணைத்து நோக்குவதே இங்கு நாம் மேற்கொள்ளும் முயற்சியாகும்.

19ஆம் நூற்றாண்டின் அமெரிக்க வீடு பெரும்பாலும் மரச்சட்டகத்தால் ஆனது. அச்சட்டகத்தின்மீது மெல்லிய மரச்சலாகைகளைச் சிறு இடைவெளி விட்டு அறைந்து, அவற்றின்மேல் மூன்று படைகளாகச் சாந்து பூசினர். விலங்கு மயிர் கலந்த முதற்படைச் சாந்து சலாகைகளின் இடைவெளியூடாகப் பிதுங்கி, மறுபுறத்தே மடிந்து இறுகும். இப்பிதுக்கமே சுவரைத் தாங்குவது. தொழிலாளர் இதனைச் சாவி என்னும் பொருள்படும் சொல்லால் வழங்கினர். இரண்டாம் படை சுவரைச் சமனாக்கும். நன்கு ஊறிய சுண்ணாம்புக் களியுடன் பரிசுச் சாந்து கலந்து இடப்படும் மூன்றாம் படையே கண்ணுக்குத் தெரியும் பரப்பாகும். முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த கரையோர ஊர்களை அறிந்த நம் வாசகர்க்குச் சுண்ணாம்பின் இயல்பை விரித்துரைக்க வேண்டியதில்லை. அது வளியிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல மெல்ல ஏற்றே கல்லாகும். ஆகவே ஒரு வீட்டின் சுவர்கள் காய வாரக்கணக்காயின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடிப்படைகளிற் சுண்ணாம்பின் இடத்தை ஜிப்சம் பெருமளவுக்குக் கைப்பற்றியது. ஏறத்தாழ 150 பாகை செல்சியசில் இழந்த நீரை மீண்டும் ஏற்று ஒரு சில மணி நேரத்தில் இறுகும் இப்பொருள், காலத்தைப் பணமாக எண்ணிய கட்டடத் தொழிலதிபருக்கு உகந்ததாயிற்று.

இத்தொழிலைச் செய்தோர் தம் கைத்திறனின் பெறுமதியை அறிந்திருந்தனர். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864 இலேயே அவர்கள் தேசிய அளவிலான தொழிற்சங்கம் அமைத்தனர். தென்மாநிலங்களிலோ சாந்து பூசுதலும் செங்கல் அடுக்குதலும் கறுப்பின மக்கள் வலுவாக நிலைபெற்றிருந்த தொழில்களாகும். அடிமை முறையின்கீழ்க் கற்ற தொழிலை விடுதலைக்குப் பின்னர் தம் பிள்ளைகளுக்குக் கையளித்த குடும்பங்கள் பல. கட்டடத்தொழிலின் ஏனைய பிரிவுகள் அவர்களுக்குக் கதவடைத்திருந்த சூழலில் இது சிறிய விடயமன்று.

1894 இல் ஒகஸ்ரின் சாக்கெற் என்பார் காகிதப் படைகளுக்கிடையே பரிசுச் சாந்தை வைத்துப் பலகையாக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். பல சாந்து உற்பத்தி நிறுவனங்கள் ஒன்றிணைந்து உருவான ஐக்கிய அமெரிக்க ஜிப்சம் நிறுவனம் 1909 இல் அவரது தொழிலை விலைக்கு வாங்கியது. 1917 அளவில் அது 'சீற்றொக்' என்னும் பெயரிற் பலகைகளைச் சந்தைப்படுத்தத் தொடங்கிற்று. எனினும் மக்கள் உடனே அதனை ஏற்கவில்லை. பலகைச் சுவர் மலிவான சுவர் என்ற எண்ணமே நிலவியது. இரண்டாம் உலகப் போர்க்கால ஆட்பற்றாக்குறையும், போர் முடிந்தபின் எழுந்த வீட்டுப் பஞ்சமுமே அந்த எண்ணத்தை உடைத்தன.

1947 இல் நியூயோர்க் மாநிலத்து லோங் ஐலண்டில் தொடங்கப்பட்ட லெவிற்றவுண் குடியிருப்பு இதற்குச் சிறந்த சான்று. 1951 இற்குள் 17,000 இற்கு மேற்பட்ட வீடுகள் அங்கு எழுந்தன. வீடு கட்டும் வேலை சிறுசிறு பணிகளாகக் கூறுபடுத்தப்பட்டு, தொழிற்சங்கம் சாராத தொழிலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. உட்சுவர்களுக்கு ஜிப்சம் பலகையே பயன்பட்டது. வீடுகளைப் பெறும் உரிமை வெள்ளையருக்கு மட்டுமே என ஒப்பந்த வாசகம் விதித்தது. சாந்து பூசும் தொழிலிற் கறுப்பினத்தவர் பெற்றிருந்த இடத்தைச் சுருங்கச்செய்த அதே பலகை, அவர்கள் குடியேற முடியாத வீடுகளின் சுவராயிற்று என்பதை வெறும் தற்செயல் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

பலகையை அறைவது தச்சர் வேலையாயிற்று. மூட்டுகளை நாடா ஒட்டி மறைப்பது பெரிதும் வர்ணம் பூசுவோர் சங்கத்தின் பக்கம் சென்றது. சலாகை அறைவோரின் தனிச்சங்கம் 1979 இல் தச்சர் சங்கத்தோடு இணைந்து மறைந்தது. முதலாளித்துவ உற்பத்தி தொழிலாளியின் திறனைப் பறித்து இயந்திரத்திடமும் முகாமையிடமும் சேர்க்கின்றது என 1974 இல் ஹரி பிறேவர்மன் முன்வைத்த கருத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா எனக் கேட்கத் தோன்றும். ஆனால் மென்பூச்சின் வரலாறு இக்கேள்விக்கு அவ்வளவு எளிதாக விடையளிக்க விடுவதில்லை.

1960களில் அமெரிக்காவிற் பரவிய மென்பூச்சு முறையில், நீலநிறக் காகிதம் போர்த்த தனிவகை ஜிப்சம் பலகை சட்டகத்தில் அறையப்படுகின்றது. அக்காகிதத்தின் வெளிப்படைகள் சாந்தின் நீரை உறிஞ்சிப் பற்றிக்கொள்ளும். உட்படைகள் நீரைத் தடுத்துப் பலகை தொய்யாது காக்கும். மூட்டுகளில் வலைநாடா ஒட்டிய பின்னர், 1/16 அங்குலம் முதல் 1/8 அங்குலம் வரையான தடிப்பிற் சாந்து முழுச்சுவருக்கும் பூசப்படும். முதலில் அழுத்தித் தேய்த்த ஒரு படலம், உடனே அதன்மேல் இன்னொன்று. இறுகத் தொடங்கும் தருணத்தில் நீர் தெளித்து உருக்குச் சாந்தகப்பையால் அழுத்தி மெருகிடல் வேண்டும். அத்தருணம் சில நிமிடங்களே நீடிக்கும். முந்தினாற் சாந்து இழுபடும், பிந்தினாற் கரண்டித் தடம் நிலைத்துவிடும். பழைய முறையின் இரு கனத்த படைகளையும் ஆலை விழுங்கிவிட்டது. எஞ்சிய ஒரு படையோ முன்னிலும் மெல்லியதாய், பிழை பொறுக்காததாய், கைத்திறனையே முற்றாகச் சார்ந்ததாய் ஆயிற்று.

எனினும் இதனைத் திறனின் மீட்சி என்று கொண்டாடுவதற்கும் நாம் தயங்குகின்றோம். சுண்ணாம்பை நீற்றி, ஊறவைத்து, பதம் பார்த்து, கலவை விகிதத்தைத் தானே தீர்மானித்த பழந்தொழிலாளியின் பொருளறிவு இப்போது நிறுவனம் அடைத்துத் தரும் பையினுள் இருக்கின்றது. கை எஞ்சியது, பொருள்பற்றிய அறிவு கைமாறியது.

அவ்வறிவு மீண்டும் தேவைப்படும் இடம் பழஞ்சுவரே. பொஸ்ரன் நகரில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தொழிலாளர் குடும்பங்களுக்கெனக் கட்டப்பட்ட மூன்றடுக்கு மரவீடுகளின் சுவரொன்றை எடுத்துக்கொள்வோம். அங்கே சுண்ணாம்புப் பூச்சு ஓரிடம், ஜிப்சம் ஒட்டு ஓரிடம், பலகைத் துண்டு செருகியது ஓரிடம், பொருத்துப்பசை தடவியது இன்னோரிடம். ஒவ்வொன்றும் நீரை வெவ்வேறு வேகத்தில் உறிஞ்சும். நேரடியாக மென்பூச்சு இட்டால் ஒருபுறம் இறுகிவிட, மறுபுறம் குழைந்தே கிடக்கும். எனவே பொலிவைனைல் அசற்றேற்றுச் சார்ந்த பிணைப்புத் திரவத்தை முதலிற் பூசி உறிஞ்சலைச் சமப்படுத்துகின்றனர். அதற்கு முன்னரும் வேலை உண்டு. சுவரைத் தட்டிப் பார்த்து, பொள்ளென்ற ஓசை எழுமிடத்திற் சாவிகள் ஒடிந்துள்ளனவென அறிந்து, துளையிட்ட உலோகத் தட்டுகளையும் திருகாணிகளையும் கொண்டு சலாகையோடு இறுக்குதல் வேண்டும். பசை கலந்த பழைய வெள்ளையடிப்பு இருப்பின் கழுவி நீக்குதல் வேண்டும். இல்லையேல் பூச்சு முழுவதும் உரிந்து விழும். இவை எவையும் பையின்மீது அச்சிட்ட குறிப்பை மட்டும் நம்பிச் செய்யத்தக்கனவல்ல.

மென்பூச்சு பொஸ்ரனிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் நிலைத்து, நாட்டின் பிற பாகங்களில் அரிதானமைக்கான காரணமும் இங்குதான் உள்ளதென நாம் கருதுகின்றோம். பொருத்துப்பசை ஒவ்வொரு படையும் காயக் காத்திருக்க வேண்டியது. மென்பூச்சுக் குழு ஓர் அறையை ஒரே நாளில் முடித்துவிடும். கைதேர்ந்தோர் போதியளவு உள்ள நகரில் ஆகவே அது மலிவாகலாம், மலிவானதால் அவர்களும் தொடர்ந்து இருப்பர். திறன் ஒருமுறை அற்றுப்போன நகரில் இக்கணக்கு தலைகீழாகிவிடும்.

மூட்டு மறைக்கும் பசையில் நெடுங்காலம் கல்நார் சேர்க்கப்பட்டது. அதனை உரசித் தேய்த்த தொழிலாளரின் நுரையீரல்கள் பாதிக்கப்பட்டமையை 1970களின் மருத்துவ ஆய்வுகள் வெளிப்படுத்தின. 1977 இல் ஒட்டுப்பசைகளிற் கல்நார் தடைசெய்யப்பட்டது. வீட்டு வர்ணத்தில் ஈயம் 1978 இல் தடைப்பட்டது. அவ்விரண்டும் பழைய சுவர்களில் இன்றும் உள்ளன. ஆகையாற் பழஞ்சுவரைச் சுரண்டுமுன் சோதிப்பது தொழிலின் ஒரு பகுதியாகியுள்ளது. மென்பூச்சு மெருகிடப்படுவதேயன்றி உரசப்படுவதில்லை. நாள்முடிவில் அதனைப் பூசியவரின் உடையில் ஒட்டியிருப்பது ஈரச்சாந்து, தூசியன்று.