அளவெடுக்காத நாற்காலி

தேனாம்பேட்டை சிக்னலில் பச்சை விழக் காத்திருக்கும்போது என்ன செய்வீர்கள்? எஃப்.எம். கேட்பீர்கள். இல்லையென்றால் முன்னால் நிற்கும் ஆட்டோவின் முதுகில் எழுதியிருப்பதைப் படிப்பீர்கள். மவுன்ட் ரோட்டில் (அண்ணா சாலை என்று எழுதினாலும் வாயில் வருவது மவுன்ட் ரோடுதான்!) கொஞ்ச காலம் முன்புவரை இன்னொரு காட்சியும் சகஜம். ஒரு சதுரப் பலகை, அதன் அடியில் நான்கு பழைய பால்பேரிங். பலகைமேல் கால்களை மடக்கிக்கொண்டு ஒருவர். இரண்டு கையிலும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு தரையை உந்தி உந்தி, கார் பம்பருக்கும் பஸ் டயருக்கும் நடுவே படகு விடுவது மாதிரி வருவார். நாம் அவசரமாகக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வேறு பக்கம் பார்ப்போம்.

அந்தப் பலகையை எந்தக் கம்பெனியும் தயாரிக்கவில்லை. அவரேதான் செய்துகொண்டார். ஏதாவது ஒர்க்‌ஷாப்பில் கழித்துப்போட்ட பேரிங்கை வாங்கி, தனக்கு எவ்வளவு அகலம் வேண்டும், வீட்டு வாசலில் இறங்க எவ்வளவு உயரம் வசதி என்று பார்த்துப் பார்த்து ஆணி அடித்தது. அதிலே மானம் போகிறது, மழையில் நனைகிறது, லாரி டிரைவர் கண்ணுக்குத் தெரியாது, எல்லாம் நிஜம். ஆனால் அளவு சரியாக இருந்தது! இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இனி சொல்லப்போகும் கதை முழுக்க இந்த அளவைப் பற்றித்தான்.

ஸ்பெயினில் இரண்டாம் பிலிப் என்று ஒரு மகாராஜா. பாதி உலகத்தை ஆண்டவர், ஆனால் கீல்வாதம் வந்து கால் போய்விட்டது. 1595-இல் அவருக்காக ஒரு விசேஷ நாற்காலி செய்தார்கள். சாய்மானத்தைச் சரிக்கலாம், கால் வைக்கத் தனிப் பலகை, அடியில் குட்டிச் சக்கரங்கள். எல்லாம் இருந்தும், பின்னால் நின்று வேலைக்காரன் தள்ளினால்தான் ராஜா நகர முடியும்.

அடுத்த அறுபதே வருடத்தில் ஜெர்மனியில் நூரம்பர்க் பக்கம் ஸ்டீபன் ஃபார்ஃப்ளர் என்று ஒரு கடிகாரக்காரர். சின்ன வயசிலேயே கால் விழுந்துவிட்டது. 1655-இல், 22 வயதில், தனக்குத்தானே ஒரு வண்டி செய்துகொண்டார். மூன்று சக்கரம். முன் சக்கரத்தைக் கையால் சுற்றும் ஒரு பிடி, கடிகாரத்தில் போடும் அதே பல்சக்கர வித்தை. அவ்வளவுதான், யார் தயவும் இல்லாமல் ஊருக்குள் போய்வர ஆரம்பித்துவிட்டார். அந்தப் படத்தை எங்காவது பார்த்தால் திடுக்கிடுவீர்கள். அடடா, இது நம்ம ஊர் மூன்று சக்கர சைக்கிள் ஆச்சே! பெட்டிக்கடை வாசலிலும் பி.சி.ஓ. பூத் பக்கத்திலும் கையால் பெடல் சுற்றி வருமே, அதனுடைய கொள்ளுத்தாத்தா அதுதான்.

ராஜாவால் முடியாதது கடிகாரக்காரரால் எப்படி முடிந்தது? உட்காரப்போகிறவரே செய்ததால். சக்கர நாற்காலியின் சரித்திரத்தில் உருப்படியான காரியங்கள் நிறைய அப்படித்தான் நடந்திருக்கின்றன. 1918-இல் சுரங்க விபத்தில் முதுகெலும்பு உடைந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற அமெரிக்கர், காரில் ஏற்ற முடியாத முரட்டு நாற்காலியோடு மல்லாடிச் சலித்துப்போய், ஹாரி ஜென்னிங்ஸ் என்ற எஞ்சினீயர் நண்பரோடு சேர்ந்து 1933-வாக்கில் மடக்கும் நாற்காலியைக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் இன்றைக்கும் நீங்கள் பார்க்கிற, அடியில் பெருக்கல் குறி போலக் கம்பி உள்ள நாற்காலி அந்த வம்சம்தான். ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டோ சாதாரணச் சாப்பாட்டு மேஜை நாற்காலிக்குச் சக்கரம் வைக்கச் சொல்லி, அதில்தான் வெள்ளை மாளிகைக்குள் வளையவந்தார். கை வைக்கும் கட்டைகூடக் கிடையாது. குறுகலான கதவில் நுழைய வேண்டுமே!

தமிழ்நாட்டுக்கு வருவோம். 1954 ஜனவரியில் வேலூர் சி.எம்.சி.யைச் சேர்ந்த இளம் டாக்டர் மேரி வர்கீஸ் கார் விபத்தில் சிக்கினார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே போய்விட்டது. அந்தக் காலத்தில் அதற்கு அர்த்தம் கட்டில், சுவர், ஜன்னல். அவர் என்ன செய்தார் தெரியுமா? சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய கைவிரல்களுக்கு ஆபரேஷன் செய்தார்! பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் பிறந்தது. விழுந்தவரைப் பிழைக்க வைப்பதோடு டாக்டர் வேலை முடிவதில்லை, அவர் வீட்டுக்குப் போய் எப்படி உட்காருவார், எப்படிச் சம்பாதிப்பார் என்பதும் வைத்தியம்தான் என்று இந்தியாவுக்குச் சொல்லித்தந்தவர்களில் முதல் வரிசை அவருக்கு. அவரும் பாருங்கள், உட்கார்ந்து பார்த்தவர்.

அரசாங்கமும் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. கான்பூரில் 1972-இல் செயற்கை அவயவங்கள் செய்யும் அலிம்கோ கார்ப்பரேஷன் வந்தது. குறைந்த வருமானக்காரர்களுக்கு உபகரணங்கள் கொடுக்கும் மத்திய அரசுத் திட்டம் 1981-லிருந்து இருக்கிறது. இருந்தும் தேவை எங்கேயோ, சப்ளை எங்கேயோ. ஜனத்தொகையில் நூற்றுக்கு ஒருவருக்குச் சக்கர நாற்காலி தேவைப்படும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் உத்தேசக் கணக்கு. அந்தக் கணக்குப்படி, ஒரு கோடிப் பேர் உள்ள மாநகரில் ஒரு லட்சம் நாற்காலி வேண்டும்.

இந்த இடத்தில்தான் நம் கதையில் டான் ஷோன்டார்ஃபர் வருகிறார். கலிஃபோர்னியாக்காரர். எம்.ஐ.டி.யில் மெக்கானிக்கல் எஞ்சினீயரிங் டாக்டர் பட்டம், கை நிறையப் பேட்டன்ட்கள். 1970-களின் கடைசியில் மனைவியோடு மொராக்கோ போனபோது, ஒரு பெண் புழுதித் தெருவைக் கையாலேயே இழுத்து இழுத்துக் கடப்பதைப் பார்த்தார். நம்மைப்போலவே அவரும் ஒன்றும் செய்யவில்லை. ஊர் திரும்பி வேலையைப் பார்த்தார். ஆனால் அந்தக் காட்சி இருபது வருடம் விடாமல் தொந்தரவு செய்தது.

கடைசியில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். உலகத்திலேயே மலிவான இருக்கை எது? கோடிக்கணக்கில் அச்சு வார்க்கும் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி! அதாவது, நம் கட்சிக் கூட்டத்திலும் கல்யாணப் பந்தலிலும் அடுக்கடுக்காக வந்திறங்குமே, சாட்சாத் அதேதான். மலிவான உறுதியான சக்கரம்? மவுன்டன் பைக் சக்கரம். இரண்டையும் ஓர் இரும்புச் சட்டத்தில் பூட்டினார். சக்கர நாற்காலி தயார். ஆரம்ப வருடங்களில், கப்பல் கூலி எல்லாம் சேர்த்தே ஐம்பது டாலருக்குள் அடங்கியது.

முதன்முதலாக அதை எங்கே கொண்டுவந்தார் என்கிறீர்கள்? சென்னைக்கு! 2001-இல் சர்ச் மருத்துவக் குழு ஒன்றோடு வந்தபோது நான்கே நான்கு நாற்காலிகள். கராஜ் நிறையச் செய்து வைத்திருந்தாராம், நான்குக்குத்தான் இடம் கிடைத்தது. முதல் நாற்காலியில் உட்கார்ந்தது 11 வயதுச் சென்னைப் பையன். அதுவரை வீட்டார் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. அந்த ஒரு பயணம் எஞ்சினீயரின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. அதே வருடம் 'ஃப்ரீ வீல்சேர் மிஷன்' பிறந்தது. சீனாவில் செய்து, கன்டெய்னரில் அடைத்து, தொண்ணூறு தேசங்களுக்கு மேல் அனுப்பி, எண்ணிக்கை பத்து லட்சத்தையும் தாண்டிவிட்டது.

இத்தோடு முற்றும் போட்டிருந்தால் நல்ல சினிமாவாக இருக்கும். இடைவேளைக்கு அப்புறம்தான் விவகாரம்.

ஒரே அச்சு, ஒரே அளவு. ஆறடி ஆளுக்கும் அதே நாற்காலி, நாலரை அடிப் பெண்மணிக்கும் அதே நாற்காலி. இதில் என்ன மோசம், கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும், அவ்வளவுதானே என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. நீங்களும் நானும் பத்து நிமிஷம் ஒரே மாதிரி உட்கார்ந்தால் தானாக ஒரு பக்கம் சாய்ந்து கொடுப்போம். வலி சொல்லித்தருகிறது. முதுகுத் தண்டு அடிபட்டவருக்கு அந்த வலி தெரியாது. எலும்புக்கும் நாற்காலிக்கும் நடுவே சதை நசுங்கி, ரத்த ஓட்டம் நின்று, உள்ளுக்குள் புண் வைத்துவிடும். வெளியே தெரியும்போது எலும்பு வரைக்கும் போயிருக்கும். படுக்கைப் புண் என்று பெயர்தான், உட்கார்ந்தாலும் வரும், ஆளையே கொல்லும். சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் குதிரையிலிருந்து விழுந்து ஒன்பது வருடம் உயிரோடு இருந்தார். 2004-இல் அவர் இறந்தபோது, அப்படிப்பட்ட ஒரு புண்ணில் ஏற்பட்ட தொற்றுக்குத்தான் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருபத்து நாலு மணி நேரமும் நர்ஸ் இருந்தவருக்கே அந்தக் கதி. மெத்தை இல்லாத பிளாஸ்டிக்கில் நாள் முழுக்க உட்கார்ந்து பூ விற்கும் ஒரு பெண்மணியை நினைத்துப் பாருங்கள்.

2005-இல் மேற்கு வங்கத்து ஆய்வாளர்கள் முகர்ஜியும் சமந்தாவும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தானமாக நாற்காலி வாங்கிய 162 பேரிடம் போய், 'கொடுத்தார்களே, என்ன ஆச்சு?' என்று விசாரித்திருக்கிறார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள், வாங்கிய அன்றைக்கு உட்கார்ந்ததோடு சரி! வலி, களைப்பு, அப்புறம் வீட்டுக்குள் நாற்காலி நுழையவில்லை. கட்டுரையின் தலைப்பிலேயே இதைப் 'பயனற்ற தயாளம்' என்று போட்டுவிட்டார்கள்.

வீட்டுக்குள் நுழையவில்லை என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தேனாம்பேட்டையிலேயே மெயின்ரோட்டை விட்டு நாலு சந்து உள்ளே போய்ப் பாருங்கள். ஒற்றை அறை, முழ உயர வாசப்படி, பாத்ரூம் என்ற பெயரில் இரண்டடிக் கதவு. பழைய குடிசை மாற்று வாரிய அடுக்குமாடிகளில் லிஃப்ட் ஏது? சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் தரையில். நாற்காலியில் உட்கார்ந்தவர் தன் வீட்டிலேயே யாருக்கும் எட்டாத உயரத்தில், பரணில் வைத்த சாமான் மாதிரி இருக்கிறார். இந்த வீட்டுக்குப் பொருத்தமாக இருந்தது, முதலில் சொன்னேனே, அந்தப் பலகை! வீட்டுக்குத் தாழ்வான வண்டியும் தெருவுக்கு உயரமான வண்டியும் வேண்டும் என்பதை வீட்டை வந்து பார்க்காமல் யாரால் சொல்ல முடியும்?

உள்ளூர் தர்ம காரியங்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? தலைவர் பிறந்தநாள், கிளப் ஆண்டுவிழா, கம்பெனி வெள்ளிவிழா. மேடையில் வரிசையாக நாற்காலிகள், வரிசையாக மனிதர்கள், மாலை, ஃபோட்டோ. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தையே மறைக்கிற மாதிரி 'உபயம்' எழுதுவோமே, அதேபோல முதுகுத் துணியில் கொடையாளர் பெயர் கொட்டை எழுத்தில். அதை முதுகில் சுமந்துகொண்டு ஒருவர் பெண் பார்க்கப் போக வேண்டும், இன்டர்வியூவுக்குப் போக வேண்டும். ஆறு மாதத்தில் முன் சக்கரத்து பேரிங் தேய்ந்துவிடும். யாருக்கு ஃபோன் செய்வது? 2010-இல் தமிழக அரசு 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'மாற்றுத்திறனாளிகள்' என்று அழைக்க ஆரம்பித்தது. நல்ல மாற்றம். ஆனால் மேடையில் கூப்பிடும் பெயர்தான் மாறியது, மேடை மாறவில்லை.

ஷோன்டார்ஃபரை வில்லனாக்குவது நியாயமில்லை. தரையில் தவழ்கிறவரிடம் போய், 'உங்களுக்கு அளவான நாற்காலி வரும்வரை இப்படியே இருங்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்களுக்கும் வராது. ஏச்சையும் பேச்சையும் அவருடைய அமைப்பு காதில் போட்டுக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். சில வருடங்களில் அளவை மாற்றிக்கொள்ளும் மாடல்கள், மெத்தை எல்லாம் வந்தன. எதிர்க்கட்சியும் பலமானது. ரால்ஃப் ஹாட்ச்கிஸ் என்று இன்னோர் அமெரிக்கர், மோட்டார் சைக்கிள் விபத்தில் கால்கள் செயலிழந்து தானே நாற்காலியில் இருப்பவர், 1980-களிலிருந்து ஏழை நாட்டு ஒர்க்‌ஷாப்களில் உள்ளூர் இரும்பை வைத்தே நாற்காலி செய்யச் சொல்லிக்கொடுத்தார். கன்டெய்னர் வேண்டாம், வெல்டரை உருவாக்குங்கள் என்பது அவர் கட்சி. உடைந்தால் தெருமுனையிலேயே ரிப்பேர்!

இரண்டு கட்சிகளும் ஓர் ஊரில் கூடின. 2006 நவம்பரில், நம் பக்கத்து பெங்களூரில். கொடுப்பவர்கள், செய்பவர்கள், டாக்டர்கள் எல்லாம் உட்கார்ந்து பேசியதன் பலனாக 2008-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி நூல் வந்தது. அதில் எட்டுப் படிகள். ஆளைக் கண்டுபிடித்து வரவழை, பரிசோதி, எது தேவை என்று எழுது, பணத்துக்கு வழி பார், நாற்காலியைத் தயார் செய், உட்காரவைத்துப் பொருத்திப் பார், ஓட்டக் கற்றுக்கொடு, பிறகு ரிப்பேரையும் கவனி. நாற்காலியைக் கையில் கொடுப்பது ஆறாவது படியில்தான் வருகிறது. நம் விழாக்கள் அந்த ஆறில் ஆரம்பித்து அங்கேயே ஃபோட்டோ எடுத்து முடிந்துவிடுகின்றன.

தேனாம்பேட்டையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஐ.ஐ.டி. வளாகத்தில், பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் குழுவினர் 2020-இல் 'நியோஃப்ளை' என்ற நாற்காலியைக் கொண்டுவந்தார்கள். சட்டை தைப்பதுபோல ஆளை அளவெடுத்துச் செய்வது. முன்னால் 'நியோபோல்ட்' என்ற மோட்டார் சக்கரத்தை மாட்டினால் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம், கொஞ்ச நேரத்தில் மின்சார ஸ்கூட்டர். அதில் சாப்பாடு டெலிவரி செய்து சம்பாதிக்கிறவர்கள் சென்னையில் வந்துவிட்டார்கள். பிறர் தள்ளிக்கொண்டு போன ஆள், இப்போது உங்கள் வீட்டுக்குப் பிரியாணி கொண்டுவருகிறார். விலைதான் உதைக்கிறது. வெளிவந்தபோது நாற்காலி மட்டுமே சுமார் 40,000 ரூபாய். அதனால் இங்கேயும் கொடையாளர்கள் வேண்டியிருக்கிறது. ஒரே வித்தியாசம், உட்காரப்போகிறவர் யார் என்று தெரிந்தபிறகுதான் நாற்காலி பிறக்கிறது. மேடையில் நூறு பேருக்கு வரிசையாகக் கொடுக்கிற வேலைக்கு இது லாயக்குப்படாது.

சரி, நாற்காலி சரியாக அமைந்துவிட்டது. தெரு? 2018 மே மாதம் தேனாம்பேட்டை மெட்ரோ ஸ்டேஷன் திறந்தார்கள், லிஃப்ட் உண்டு. 2024-இல் புதிய தாழ்தளப் பேருந்துகள் வந்தன, அதுவும் மாற்றுத்திறனாளிகளுக்காகக் கோர்ட்டில் வழக்காடிய பிறகு. லிஃப்டிலிருந்து வெளியே வந்து பஸ் ஸ்டாப்புக்குப் போகிற நடைபாதைதான் பாக்கி. பைக் ஏறக் கூடாது என்று வரிசையாகக் கம்பி நட்டிருப்பார்கள் இல்லையா? சக்கர நாற்காலி போக 90 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். நடைபாதை ஓர் அடி உயரமென்றால் சரிவுப் பாதை 12 அடி நீளம் வேண்டும். அடுத்த தடவை அந்தப் பக்கம் போகும்போது ஓர் இஞ்ச் டேப் எடுத்துப் போங்கள். யாராவது என்ன சார் அளக்கிறீர்கள் என்று கேட்டால், நாற்காலிக்கு என்று சொல்லுங்கள்.