கியூபாவின் இலை, திண்டுக்கல்லின் சுருட்டு

1492 நவம்பரில் கொலம்பஸின் ஆட்கள் இருவர், கியூபாத் தீவின் மக்கள் இலையைச் சுருட்டிப் புகைப்பதைக் கண்டனர். அந்தப் புகையிலையைப் பின்னாளில் போர்ச்சுக்கீசியர் இந்தியாவுக்குக் கொணர்ந்தனர். திண்டுக்கல், வேடசந்தூர் நிலங்களில் அது வேரூன்றியது. ஆங்கிலேயர் ஆட்சியில் ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தி, சரக்கைக் கப்பலேற்றியது. அதற்கு வெகு முன்பே, 17ஆம் நூற்றாண்டிலேயே, 'சுருட்டு' என்னும் நம் சொல் கடல்கடந்து, ஆங்கிலத்தில் 'செரூட்' ஆகிவிட்டது. இலை கரீபியன் தந்தது. பெயர் தமிழ் தந்தது.

மலைக்கோட்டைக்கு 1755இல் ஹைதர் அலி வந்ததையும், 1790இல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றியதையும் மாணவர்க்குச் சொல்கிறோம். அடிவாரத்து ஊரில் இலை சுருட்டிய கைகளைப் பற்றிச் சொல்வதில்லை. அவர்தம் உழைப்புக்குக் கோட்டையில்லை, கல்வெட்டில்லை. ஆங்கில அகராதியில் ஒரு தமிழ்ச்சொல் இருக்கிறது. அதையும் வரலாறென்றே கற்பிப்போம்.