வீடும் இருபத்து மூன்றாம் பிரிவும்

சங்கரன்கோவிலின் தறி ஓடும் தெருக்களில் வீட்டின் பெரும்பகுதியைத் தறியே பிடித்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் மூலையில்தான் மனிதர்கள். தார் சுற்றியே கண் மங்கிப்போன கிழவிகளின் பாய் பெரும்பாலும் வாசற்படியோரம் கிடக்கும். அவர்கள் சுற்றிய நூலுக்குத் தனிக்கூலி கிடையாது, அது 'வீட்டு வேலை'. வீடு யாருடையது என்றால், மகனுடையது என்பார்கள்.

இந்தப் பதிலைச் சட்டமும் சேர்ந்தே பழக்கியது. 1937-ஆம் ஆண்டுச் சட்டம் இந்து விதவைக்குக் கணவனின் பங்கைத் தந்தது, ஆனால் ஆயுளுக்கு மட்டும். 1956-இன் வாரிசுரிமைச் சட்டம் அதை முழு உரிமையாக்கியது. நாம் பெருமையோடு படிக்கும் அதே சட்டத்தில்தான் 23-ஆம் பிரிவும் இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டில் தன் பங்கைப் பிரித்துக் கேட்கப் பெண்ணுக்கு முடியாது. ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முடிவெடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். மகள் அங்கே வசிக்கவே, மணமாகாதவளாகவோ கைவிடப்பட்டவளாகவோ கணவனைப் பிரிந்தவளாகவோ விதவையாகவோ இருந்தாக வேண்டும். 2005-இல்தான் அந்தப் பிரிவை நீக்கினார்கள். 1956-இல் இருபது வயதில் தறிவீட்டுக்கு மருமகளாக வந்தவளுக்கு அப்போது 69 வயது.

2007-இன் மூத்த குடிமக்கள் சட்டத்திலும் ஒரு 23-ஆம் பிரிவு உண்டு. (எண் தற்செயல்தான், ஆனாலும் கசப்பாய்ச் சிரிப்பு வருகிறது.) பராமரிப்போம் என்ற நிபந்தனையில் எழுதி வாங்கிய சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்யலாம். எழுதிக்கொடுக்க வீடு வைத்திருந்தவர்களுக்கு அது நல்ல ஆயுதம். ஒன்றுமில்லாதவளுக்கு 19-ஆம் பிரிவு: மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேருக்குக் குறையாத முதியோர் இல்லம். அதையும் அரசு 'அமைக்கலாம்' என்றுதான் எழுதியிருக்கிறது. அமைத்தாலும், தன் தெருவைவிட்டு அவள் போக வேண்டும்.

பிரான்சின் மோந்த்ரேயில் தெரேஸ் கிளெர்க் என்ற பெண்ணியவாதி 1999-இல் தோழிகளோடு வேறொன்று கேட்டார்: வயதான பெண்கள் தாங்களே நடத்தும், குறைந்த வாடகை வீடுகள். கட்டி முடிக்க 2012 ஆனது. முதிய பெண்களுக்கு 21 வீடுகள்.

நம் ஊருக்கு அத்தனை மாடி வேண்டாம். ஒரு முற்றத்தைச் சுற்றித் தரைத்தளத்தில் ஐந்தாறு அறைகள் போதும். படியில்லாத வாசல், உள்ளேயே கழிப்பறை, அதில் பிடித்து எழ ஒரு கம்பி, குனியாமல் திறக்கும் குழாய். பட்டா பெண்கள் பெயரில். கதவு மட்டும் தெருவைப் பார்த்து இருக்க வேண்டும்; பேச்சுத்துணை அங்கேதான் நடமாடுகிறது.