விடியற்காலைக் கணக்கு

1998 ஏப்ரல் 9, பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங், 40.1 டிகிரி. மலேசிய வெப்பம் பற்றிப் பேசினால் எல்லாரும் இந்த உச்சத்தைத்தான் சொல்வார்கள். எனக்கென்னவோ விடியற்காலைதான் முக்கியமாகப் படுகிறது.

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896இல் டான் சே யான் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். பிறகு தோட்டங்களில் நம் ஆட்களின் நாளை ஓட்டியது அந்த விடியற்காலைக் குளிர்ச்சிதான். இருட்டோடு பெரட்டு, தலையில் விளக்கு, அப்புறம் நிரை. குளிர்ந்த நேரத்தில் இலை வழியாக நீர் போவது குறைவு. மரத்துக்குள் அழுத்தம் கூடி, வெட்டியதும் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏறக் குறையும். "சூடு வந்தா மரம் பாலைப் புடிச்சிக்கும்" என்பார் பாட்டி. தாவரவியலும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது.

இப்போது புக்கிட் காத்தில் பக்கம் எங்கும் தாமான்கள். சிமெண்டும் தாரும் பகலில் வாங்கிய சூட்டை ராத்திரியில் திருப்பிக் கொடுக்கின்றன. தெற்கே சிங்கப்பூரில் 1948 முதல் பத்தாண்டுக்குச் சுமார் 0.25 டிகிரி ஏறியிருக்கிறது. உலகச் சராசரியைவிட இது வேகம், நகரமாதலுக்கும் அதில் பங்குண்டு.

ஆனால் நம் வானிலைத் துறையின் வெப்ப எச்சரிக்கை, பகல் உச்சம் தொடர்ந்து 3 நாள் 35ஐத் தொட்டால்தான் தொடங்கும். ஏர்கோன் இல்லாத வீட்டில் பாட்டி தூங்காத இரவுக்கு அதில் கட்டமே இல்லை.